உங்கள் கவுன்சில் பிள்ளைகள் சேவையை ஒழுங்காகப் பார்க்கிறதா? இங்கிலாந்தில் இருக்கிறவர்கள் தாங்களே தெரிந்துகொள்ளும் வழி

கவுன்சில் டக்ஸ் கூடினால் எங்கள் ஆட்கள் ஒரு கிழமைக்கு அதையே கதைப்பார்கள். குப்பை எடுக்க வராவிட்டால் போன் அடிப்பார்கள், பார்க்கிங் பெர்மிட் என்றால் கவுன்சிலரைக் கோயில் வாசலிலேயே மறித்துக் கேட்பார்கள். ஆனால் அதே கவுன்சிலின் செலவில் மிகப் பெரிய துண்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் பாதுகாப்பு வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சோஷல் வேர்க்கர் என்ற சொல் காதில் விழுந்தாலே "ஐயோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாங்கள்" என்ற பயம்தான் முன்னுக்கு வருகிறது. பயப்படுகிற ஒரு விஷயத்தை யார் மேற்பார்வை செய்கிறார்கள், அந்த மேற்பார்வை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

நான் நாலு வருடம் ஒரு கவுன்சிலின் ஸ்க்ருட்டினி கமிட்டியில், அதாவது கவுன்சிலின் வேலையைச் சோதித்துக் கேள்வி கேட்கிற குழுவில், பெற்றோர் பிரதிநிதியாக இருந்தேன். எந்தக் கவுன்சில் என்று சொல்லப்போவதில்லை. தேர்தலில் நின்றவன் இல்லை, கட்சிக்காரனும் இல்லை. பாடசாலை கவர்னராக இருந்த ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான். அங்கே படித்ததில் உதவக்கூடியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கவுன்சில்?

லண்டனில் இருக்கிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், மேர்ட்டன், நியூஹாம், எந்த பரோவானாலும் பிள்ளைகள் சேவை அந்த பரோ கவுன்சிலின் பொறுப்பு. பேர்மிங்ஹாம், லெஸ்டர் மாதிரி நகரங்களிலும் அப்படியே. சரே, கென்ட், எசெக்ஸ் பக்கம் என்றால் கவனம் வேண்டும்: அங்கே குப்பை எடுப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், பிள்ளைகள் சேவையோ கவுண்டி கவுன்சில். தெரிந்த ஒருவர் மூன்று மாதம் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலருக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டே இருந்தார், அவரும் மரியாதையாகப் பதில் போட்டுக்கொண்டே இருந்தார், இது என் வேலை இல்லை என்று கடைசிவரை சொல்லவில்லை. இங்கிலாந்து முழுக்க இந்தப் பொறுப்பு உள்ள கவுன்சில்கள் 153தான். உங்களுடையது எது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் சட்டமும் ஏற்பாடும் வேறு, அங்கே இருக்கிறவர்களுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது.

சில இடங்களில் இந்த வேலையை ஒரு டிரஸ்ட் செய்கிறது. டொன்காஸ்டரில் 2014இலும் (2022இல் கவுன்சிலே திரும்ப எடுத்துக்கொண்டது) பேர்மிங்ஹாமில் 2018இலும் அப்படித் தொடங்கினார்கள். "அது டிரஸ்டின் விஷயம்" என்று யாராவது தட்டிக்கழித்தால் விட்டுவிடாதீர்கள். வேலையைத்தான் வேறொருவரிடம் கொடுக்கலாம், சட்டப் பொறுப்பு கவுன்சிலிடமே நிற்கும்.

யாரைக் கேட்பது?

2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இரண்டு நாற்காலிகளைக் கட்டாயமாக்கியது. ஒன்றில் சம்பளத்துக்கு வேலைசெய்கிற பணிப்பாளர், மற்றதில் மக்கள் வாக்குப் போட்ட கவுன்சிலர். அந்தக் கவுன்சிலரை லீட் மெம்பர் என்பார்கள். ஏதாவது பிழைத்தால் இந்த இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுப் பிள்ளை 2000 பெப்ரவரியில் லண்டனில் சித்திரவதைப்பட்டு இறந்தாள். ஐவரி கோஸ்டில் பிறந்தவள், அப்பாவின் உறவான ஒரு பெண்மணியோடு பிரான்ஸ் வழியாக இங்கே வந்தவள். நாலு கவுன்சில்களின் சமூக சேவைப் பிரிவுகள், இரண்டு ஆஸ்பத்திரிகள், பொலிஸ் என்று எல்லோருடைய கண்ணிலும் பட்டவள். ஆனாலும் யாரும் காப்பாற்றவில்லை. 2003 ஜனவரியில் லோர்ட் லாமிங் கொடுத்த விசாரணை அறிக்கையில் 108 பரிந்துரைகள் இருந்தன. இது என் பொறுப்பு இல்லை என்று மேலே இருக்கிறவர்கள் நழுவ முடியாதபடி செய்ய வேண்டும் என்பதுதான் அந்த இரண்டு நாற்காலிகளின் நோக்கம்.

லீட் மெம்பர் ஆளும் கட்சிக்காரர், தன் துறையைத் தானே குறைசொல்ல மாட்டார். அதற்குத்தான் ஸ்க்ருட்டினி கமிட்டி. எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும், அவர்களோடு குறைந்தது இரண்டு பெற்றோர் கவர்னர்களும், தேவாலயப் பாடசாலைகள் இருந்தால் அவற்றின் பிரதிநிதிகளும் இருப்பார்கள். கல்வி விஷயத்தில் இந்த வெளியாட்களுக்கு வாக்கும் உண்டு. இது தவிர கோர்ப்பரேட் பேரன்டிங் பானல் என்று ஒன்று பல கவுன்சில்களில் இருக்கும். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்குக் கவுன்சில்தான் பெற்றார் ஸ்தானத்தில் நிற்கிறது என்பது அதன் கருத்து, 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஏழு கொள்கைகளை எழுதியே வைத்திருக்கிறது. உங்கள் வார்டுக் கவுன்சிலர் வீதி விளக்கை மட்டும் பார்க்கிறவராக இருந்தாலும் அவரும் அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றார்தான். இதை ஒருமுறை அவருக்கே சொல்லிப்பாருங்கள், முகம் மாறும்.

கடதாசிகளை எப்படிப் படிப்பது?

கவுன்சில் இணையத்தளத்தில் "மீட்டிங்ஸ்" அல்லது "டெமொக்ரசி" என்ற பக்கத்துக்குப் போங்கள். பிள்ளைகள், இளையோர், குடும்பங்கள் என்று ஏதாவது பெயரில் கமிட்டி இருக்கும். கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து முழு வேலைநாள் முன்னதாக நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் பொதுவில் வரவேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம். பணம் கட்டவோ பெயர் பதியவோ தேவையில்லை, விசா என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கடதாசிக் கட்டு நூறு பக்கத்துக்கு மேலும் போகும். முன்பக்கத்திலிருந்து படித்தால் இருபதாவது பக்கத்திலேயே நித்திரை வந்துவிடும், ஏனென்றால் முன்பக்கம் முழுக்க "பலமான முன்னேற்றம்", "தொடர்ந்த பயணம்" என்று பூச்சூட்டியிருப்பார்கள். நான் பின்னாலிருந்துதான் படிப்பேன். இணைப்பாகச் சேர்த்த அட்டவணைகளில்தான் சமாச்சாரம் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசியிருப்பார்கள். சிவப்பை எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் பச்சையைக் கேளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு மாசி மாதத்துக் கூட்டம், இரவு எட்டரை இருக்கும். வீட்டைவிட்டோ பராமரிப்பு இல்லத்தைவிட்டோ காணாமல் போய்த் திரும்பி வருகிற பிள்ளையோடு 72 மணித்தியாலத்துக்குள் வெளியாள் ஒருவர் தனியாகக் கதைக்க வேண்டும் என்று அரசாங்க வழிகாட்டல் இருக்கிறது. எங்கே போனாய், யாரோடு இருந்தாய், ஏன் போனாய் என்று கேட்பதற்கு. அந்த வரிசையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போட்டுப் பச்சை பூசியிருந்தார்கள். எல்லோரும் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கவுன்சிலர், ஓய்வுபெற்ற தாதி, கண்ணாடியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லில் விரலை வைத்தார். "வழங்கப்பட்டது என்று போட்டிருக்கிறீர்கள். வழங்கப்பட்டது என்றால் பிள்ளை இருந்து கதைத்ததா?" அதிகாரி தன் கோப்பைப் புரட்டினார், பின்னால் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், பிறகு சொன்னார்: உண்மையில் கதைத்தது பாதிப் பேருக்குச் சற்று மேல்தான். மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பதினைந்து வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு "போ" என்று சொன்னாலும் அட்டவணையில் அது பச்சைதான்.

அன்றிலிருந்து நான் எண்ணைவிட எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைத்தான் முதலில் பார்ப்பேன். "நடத்தப்பட்டது", "தொடங்கப்பட்டது", "முயற்சிக்கப்பட்டது", "வழங்கப்பட்டது" எல்லாம் ஒன்றில்லை.

அடுத்தது, சதவீதத்தைத் தலையாக்கிப் பாருங்கள். "உரிய காலத்தில் 92 சதவீதம்" என்றால் மிச்சம் 8 சதவீதம் எத்தனை பிள்ளைகள், அவர்கள் யாராவது இரண்டாவது முறையும் அதே பட்டியலில் வருகிறார்களா? சில நேரம் மொத்தமே பன்னிரண்டு பிள்ளைகள்தான் இருப்பார்கள், ஒரு பிள்ளை இந்தப் பக்கம் போனால் எட்டு சதவீதம் ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் பாராட்டுத் தீர்மானம் போட்ட கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன்.

எதைத் தேடுவது என்று கேட்டால், எனக்கு முக்கியமாகப் படுகிறவை இவை. ஒரு பிள்ளையைப் பற்றித் தகவல் வந்து, பார்த்து, மூடிவிட்டு, ஒரு வருடத்துக்குள் திரும்பவும் தகவல் வருகிற வீதம். நாடு முழுக்க அது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். உங்கள் ஊரில் மிகவும் கூட என்றால் கோப்பை அவசரப்பட்டு மூடுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். மிகவும் குறைவு என்றாலும் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள், பாடசாலைகள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நிறுத்தியிருக்கலாம். பிறகு, ஒரு சோஷல் வேர்க்கரின் கையில் எத்தனை பிள்ளைகள்: 2023இல் நாட்டுச் சராசரி 16. கவுன்சில் தன் சராசரியைச் சொல்லும், நீங்கள் ஆகக் கூடியது எத்தனை என்று கேளுங்கள், சராசரிக்குள் முப்பது பிள்ளைகளோடு ஒருவர் மூச்சு முட்டிக்கொண்டு ஒளிந்திருப்பார். நிரந்தரமில்லாமல் வெளி நிறுவனம் மூலம் வருகிற ஏஜென்சி ஆட்கள் எத்தனை பேர் என்பதும் அதோடு சேர்ந்தது. அதே வருடம் நாடு முழுக்க ஆறில் ஒருவருக்கு மேல் ஏஜென்சி ஆள். ஆள் மாறினால் பிள்ளை தன் கதையைப் புதிதாக ஒருவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் எத்தனை சோஷல் வேர்க்கர் மாறினார்கள் என்று பிள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணிச் சொல்லும்படி கேட்டால் பெரும்பாலும் கையில் கணக்கு இருக்காது. அதுவும் ஒரு பதில்தான்.

பராமரிப்பில் உள்ள பிள்ளைகளைச் சொந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள், 20 மைலுக்கு அப்பால் எத்தனை பேர் என்று பொதுவாகக் கணக்கு வைத்திருப்பார்கள். காசு விஷயமும் இதற்குள்தான் கிடக்கிறது. பிள்ளைகள் இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்திருக்க வருடத்துக்கு சராசரி 3 இலட்சம் பவுண்டுக்கு மேல் போகிறது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025இல் சொன்னது. இவ்வளவு கொடுத்தும் பிள்ளை வடக்கே எங்கோ ஒரு தெரியாத ஊரில் என்றால், உள்ளூரில் ஃபொஸ்டர் குடும்பங்களைச் சேர்க்க என்ன செய்தீர்கள் என்று கேட்பது நியாயம்தானே. கேட்கிற நேரத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அதில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். இன விபரத்தில் எங்கள் பிள்ளைகள் அனேகமாக "ஏனைய ஆசியர்" என்ற பெட்டிக்குள் போய்விடுவதால் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டுமொழி என்ன, மொழிபெயர்ப்பாளர் வைத்து எத்தனை மதிப்பீடு நடந்தது, வீட்டுப் பிள்ளையையே அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைத்தார்களா என்பதெல்லாம் கேட்டால்தான் வெளியே வரும்.

ஒஃப்ஸ்டெட் "குட்" போட்டால் நிம்மதியா?

இல்லை. ஒஃப்ஸ்டெட் என்பது பாடசாலைகளையும் பிள்ளைகள் சேவைகளையும் சோதிக்கிற அமைப்பு. 2018 ஜனவரியிலிருந்து இப்போதுள்ள முறைப்படி சோதிக்கிறார்கள், பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள். நாலு தரம்: அவுட்ஸ்டாண்டிங், குட், முன்னேற வேண்டும், இனடிகுவேட். அறிக்கையில் மொத்தத் தரம் இருந்தால் அதை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். உள்ளே தலைமைத்துவம், உதவியும் பாதுகாப்பும், பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், பராமரிப்பை விட்டு வெளியேறிய இளையோர் என்று தனித்தனித் தரம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது 2023 ஜனவரியில்தான் தனியாக வந்தது.

ஹாரிங்கே கவுன்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். 2007 ஓகஸ்டில் பீட்டர் கொனலி என்ற பதினேழு மாதக் குழந்தை அங்கே அடிபட்டுச் செத்தது. அந்த வருடத்து மதிப்பீட்டில் ஒஃப்ஸ்டெட் அந்தச் சேவைக்குக் கொடுத்தது "குட்". அடுத்த வருடக் கடைசியில், வழக்கு வெளிவந்த பிறகு திரும்பப் போய்ப் பார்த்து "இனடிகுவேட்" என்றார்கள். தரம் என்பது ஒரு நாளில் எடுத்த படம்.

என் வழி இது: கடைசி இரண்டு அறிக்கைகளையும் இடையில் வந்த ஃபோகஸ்ட் விசிட் (ஒரு பகுதியை மட்டும் பார்க்க வருவது) கடிதங்களையும் இறக்கி, "என்ன முன்னேற வேண்டும்" என்ற பகுதியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கடிதத்துக்குத் தரம் இல்லாததால் ஒருவரும் படிப்பதில்லை, அதனால்தான் அதில் விஷயம் இருக்கும். முதல் அறிக்கையில் சொன்ன குறை இரண்டாவதிலும் வேறு வார்த்தையில் வந்தால் உங்கள் கேள்வி தயார். அறிக்கை வந்தபின் 70 வேலைநாளுக்குள் கவுன்சில் செயல்திட்டம் கொடுக்கவேண்டும், அது கமிட்டிக்கு வந்ததா என்றும் பாருங்கள்.

கேள்வியை எப்படிப் போடுவது?

பெரும்பாலான கவுன்சில்களில் பொதுமக்கள் எழுத்தில் கேள்வி அனுப்பலாம், எத்தனை நாள் முன்னதாக என்பது இடத்துக்கு இடம் மாறும். டெமொக்ரட்டிக் சர்விசஸ் என்ற பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சொல்லிவிடுவார்கள், பொதுவாக நல்ல மனிதர்கள்தான். கேள்வியில் எந்தப் பிள்ளையின் பெயரும், ஆளை அடையாளம் காட்டுகிற விபரமும் வரக்கூடாது. வந்தால் கேள்வியைத் தள்ளிவிடுவார்கள், தள்ளுவதும் சரிதான்.

கேள்வி குட்டையாக இருக்க வேண்டும். "பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன நடவடிக்கை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் பத்து நிமிடம் பிரசங்கம் கிடைக்கும். "இன்றைய திகதியில், ஒரே வருடத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் இடம் மாறிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரைப் பணிப்பாளர் நேரில் சந்தித்தார்?" என்று கேட்டால் எண் வர வேண்டும், அல்லது எண் இல்லை என்று வர வேண்டும். துணைக்கேள்வி கேட்கவும் பல இடங்களில் விடுவார்கள், அதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போய் யோசிக்கலாம் என்றால் வாய் வராது. எனக்கு வரவில்லை.

பொதுக் கூட்டத்தைப் படம்பிடிக்கவும் 2014இலிருந்து சட்டம் அனுமதிக்கிறது. தனிநபர் விபரம் வருகிற இடத்தில் மட்டும் எல்லோரையும் வெளியே போகச் சொல்வார்கள். நேரில் போக முடியாதவர்கள் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம், 20 வேலைநாளுக்குள் பதில் வர வேண்டும். ஐந்துக்குக் குறைந்த எண்களை மறைத்துத் தருவார்கள், ஆளை அடையாளம் காணாமலிருக்க. அதற்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கேட்டபின் விட்டுவிடுவதுதான் எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. ரொதரமில் நடந்தது அதுதான். 1997இலிருந்து 2013வரை குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014 ஓகஸ்டில் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே மதிப்பிட்டுச் சொன்னார். கவுன்சிலர்களுக்குத் தெரியாது என்று இல்லை. 2004, 2005இலேயே அவர்களை உட்காரவைத்து வெளிப்படையாக விளக்கக் கூட்டங்கள் நடத்தியிருந்தார்கள். கேட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். 2015இல் அரசாங்கம் ஆணையாளர்களை அனுப்பிக் கவுன்சிலின் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டது. அதனால் கூட்டம் முடிந்து வருகிற கூட்டக் குறிப்பைப் பாருங்கள். "கமிட்டி அறிக்கையைக் கவனத்தில் எடுத்தது" என்று முடிந்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். யார், எதை, எந்தத் திகதிக்குள் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் திகதியை உங்கள் போனில் போட்டுவைத்து, அடுத்த கூட்டத்துக்கு முன்பு கமிட்டித் தலைவருக்கு நாலு வரி எழுதுங்கள். இரண்டு முறை இப்படி எழுதினால் மூன்றாவது முறை அவரே முன்கூட்டிப் பதில் வைத்திருப்பார்.

சொந்தப் பிரச்சினை என்றால்

உங்கள் வீட்டுக்கே சோஷல் வேர்க்கர் வந்துபோகிறார், அவர் நடந்துகொண்டது சரியில்லை என்றால் ஸ்க்ருட்டினி கமிட்டி உங்களுக்கு உதவாது, தனி வழக்குகளை அது தொடாது. அதற்கு முறைப்பாட்டு வழி இருக்கிறது, மூன்று படி: முதல் படியில் 10 வேலைநாள், சிக்கலானால் 20, இரண்டாவதில் தனி விசாரணையாளரும் சுயாதீன ஆள் ஒருவரும், 25இலிருந்து 65 வேலைநாள் வரை, மூன்றாவதில் மீளாய்வுக் குழு. அதற்கும் பிறகு ஒம்புட்ஸ்மன், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற சுயாதீன அதிகாரி, அதற்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் முறையிட்டுவிடுங்கள். கோர்ட்டில் இருக்கும் விஷயத்தை ஒம்புட்ஸ்மன் தொடமாட்டார், ஆனால் பராமரிப்பு உத்தரவு கேட்டுக் கவுன்சில் கோர்ட்டுக்குப் போனால் பெற்றாருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பிள்ளையைக் கவுன்சிலின் பராமரிப்பில் விட நீங்களே சம்மதிக்கிறீர்கள் என்ற பிரிவு 20 கடதாசியை நீட்டி ஒப்பம் கேட்டால் சொலிசிட்டரோடு கதைத்துவிட்டு வையுங்கள்.

இன்னொன்று, இதை எழுதாமல் போனால் எனக்கு நித்திரை வராது. ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை, நெருங்கிய உறவு இல்லாதவரிடம், 28 நாளோ அதற்கு மேலோ இருக்கப்போகிறது என்றால் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். பெற்றாரின் கூடப்பிறந்தவர்களும் அவர்களின் கணவன் மனைவியும் நெருங்கிய உறவு, தாத்தா பாட்டியும் அப்படியே. ஆனால் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி எங்களுக்குச் சித்தி, சட்டத்துக்கு அவள் அந்நியம். விக்டோரியாவைக் கூட்டிவந்தவளும் அவளுடைய அப்பாவுக்கு அத்தை முறைதான், அந்த உறவும் இந்தக் கணக்கில் வராது. இப்படி அறிவிக்கப்பட்ட பிள்ளைகள் உங்கள் கவுன்சிலில் எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் பதில் வந்தால், உங்களுக்குத் தெரிந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

பிள்ளை ஒன்றுக்கு இப்போதே ஆபத்து என்றால் இதெல்லாம் வேண்டாம், 999.

கூட்டம் வழக்கமாக ஏழு மணிக்குத் தொடங்கும், பொதுமக்கள் நாற்காலிகள் அனேகமாகக் காலியாகத்தான் இருக்கும். கோட்டைக் கழற்றாதீர்கள், ஆறு மணிக்கே ஹீட்டரை நிறுத்திவிடுகிறார்கள்.